குழல் காலி

எட்டு. டப்பா என்னவோ வீட்டில்தான் கிடக்கிறது, இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், சாய்வதற்கு முதுகுப் பலகை இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தபடி, எத்திராஜ் அதை மனசுக்குள் திறந்து திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே சிவப்பு உடம்பும் பித்தளை அடியுமாகத் தோட்டாக்கள். ஒன்று, இரண்டு, மூன்று, போய் எட்டில் நின்றுவிடுகிறது. பத்து இருக்க வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்து, பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார ஆரம்பித்துப் பதினோரு வருஷமாகிறது, ஒரு தோட்டாவைக்கூட அவர் சுட்டதில்லை, காக்காயை விரட்டக்கூட எடுத்ததில்லை. அப்படியானால் இரண்டு எங்கே போயின? காலையில் கஸ்தூரியைக் கேட்டதற்கு, "எனுக்கு இன்னா தெரியும், நீங்க பெல்ட்டோட குடுத்தீங்க, நான் உருவி டப்பால போட்டேன்" என்றாள். எண்ணினாயா என்றால் முழிக்கிறாள். முப்பது வருஷம் பட்டாளத்துக்காரனோடு குடித்தனம் நடத்தினவள், தோட்டாவைக் கத்தரிக்காய் அள்ளுகிற மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறாள். அவர் டப்பா மூடியைச் சுவரில் விட்டெறிந்தார். மூடியை மட்டும்தான். தோட்டா இருக்கிற டப்பாவை எறிகிற அளவுக்கு அவருக்குப் புத்தி கெட்டுப் போகவில்லை. சத்தம் கேட்டு மகன் தினகரன் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான், வாய் நிறைய நுரையோடு திரும்பிப் போனான். ஷூ கம்பெனியில் நாலு பேரை மேய்க்கிறவனாம், அப்பனைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரிகிறது. எட்டு. துப்பாக்கிக்கு இரண்டு குழல். குழலுக்கு ஒன்றாக இரண்டு. கணக்கு அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. அந்தத் துப்பாக்கி இரண்டு மாதமாக இந்த ஸ்டேஷனுக்குள், ரைட்டர் ரூமில், உறை போட்டு நிற்கிறது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எல்லாம் அதைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பேங்க் காவலுக்கு விலக்கு உண்டு, மேனேஜர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். மேனேஜர் எழுதவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தான், இருபத்தொன்பது வயசு, கழுத்தில் அடையாள அட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பெரிய கலெக்டர் என்று நினைப்பு. கடைசி நாள் பிற்பகல் மூன்றரைக்கு ஸ்டேஷனிலிருந்து போன், அஞ்சு மணிக்குள் வரவில்லையென்றால் கேஸ் போடுவோம் என்று. அப்போதுதான் அவன் பதறினான், போங்க போங்க என்று கையை ஆட்டினான், மாட்டை ஓட்டுகிற மாதிரி. தினமும் காலை ஒன்பதரைக்கு இரண்டு தோட்டாவைப் போடுவது, சாயங்காலம் ஷட்டர் இறங்கியதும் லாக்கர் ரூம் சந்தில் சுவரைப் பார்த்து நின்று துப்பாக்கியைக் குழலடியில் மடித்துத் திறந்து இரண்டையும் எடுத்து பெல்ட்டில் சொருகுவது, இதுதான் பதினோரு வருஷத்துப் பழக்கம். அன்றைக்கு ஷட்டர் இறங்கவில்லை. அன்றைக்கு அவர் சந்துக்குப் போனாரா? மேனேஜரின் வாய் ஞாபகம் இருக்கிறது. உறையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, டோக்கன் மிஷின் பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை சிரித்தது ஞாபகம் இருக்கிறது. துப்பாக்கியை மடித்தது? மடித்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது எந்தச் சாயங்காலம்? எல்லாச் சாயங்காலமும் அதே சந்து, அதே சுவர், அதே மங்கின டியூப்லைட்டு. ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வருகிறது, அந்த ஒன்று மட்டும் தனியாக வர மாட்டேன் என்கிறது. பேங்குக்குப் போய் எங்கேயாவது வைத்தோமா என்று பார்க்கலாமென்றால் இன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை. மேனேஜருக்கு மூன்று தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. எடுக்க மாட்டான். லீவு நாளில் வாட்ச்மேன் போனை எடுத்தால் கௌரவம் என்ன ஆவது.

யோசனை ஒன்று வைத்திருந்தார். கூப்பிடுவார்கள், கையெழுத்துப் போடுவது, உறையோடு வாங்குவது, நேராக ஸ்டேஷன் பின்பக்கம் பழைய வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கிற இடத்துக்குப் போவது, மடித்துப் பார்ப்பது. இருந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியது, இல்லாவிட்டால் பிழைத்தோம் என்று போக வேண்டியது, ஒரு பயலுக்கும் தெரியாது. வாயைத் திறந்தால்தான் வினை. லைசென்ஸ் புதுப்பிக்க இந்த மாதம் எஸ்.ஐ. கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது, ஜனவரியில் எவனோ ஒருத்தன் வரிசையில் நின்றபடி துப்பாக்கிக் குழலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு போன் பேசினான், அவர் போட்ட சத்தத்தில் அவன் போன் கீழே விழுந்து உடைந்தது, மேனேஜர் அதை ஒரு கடிதமாக எழுதி வைத்திருக்கிறான், துப்பாக்கி விலக்குக்கு எழுத வராத கை அதற்கு எழுத வந்தது. இப்போது இவர் போய், ஐயா, தோட்டா போட்ட துப்பாக்கியை உங்களிடம் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்றால்? லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனால் பேங்க் போச்சு. பேங்க் போனால் நாளெல்லாம் வீட்டில். அந்த ஹாலில், அந்த பிளாஸ்டிக் நாற்காலியில், கஸ்தூரி சீரியல் பார்க்க, தினகரன் வருகிற போதெல்லாம் இவர் காலை மடக்கி வழிவிட. ஒன்பது மணிக்கு அவர் காக்கியை மாட்டிக்கொண்டு கிளம்புவதைத்தான் அந்த வீடே மூச்சை விட்டு வரவேற்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் அதே நிம்மதிதான். கதவோரம் முக்காலி, மடியில் துப்பாக்கி, யாரும் கிட்டே வர மாட்டார்கள். ரெண்டு மாதமாக அந்த முக்காலியில் வெறும் மூங்கில் கம்போடு உட்கார்ந்து பார்த்துவிட்டார், பென்ஷன் வாங்க வருகிறவன் எல்லாம் தோளில் தட்டி, "இன்னா மிலிட்டரி, ஆடு மேய்க்கப் போறியா" என்றான்.

பாக்கெட்டில் போன் துடித்தது. கஸ்தூரி. கட் செய்தார். டப்பாவின் மூடி நசுங்கிப் போயிற்று என்று சொல்ல அழைப்பாள். அல்லது தினகரன் சாப்பிடாமல் போய்விட்டான் என்று. பக்கத்தில் மாந்தோப்புக் கோதண்டம் உட்கார்ந்திருந்தார், காட்டுப்பன்றி விரட்ட ஒற்றைக்குழல் வைத்திருக்கிறவர், வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. வடாம் மாதிரி காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, "இந்த வருசம் காப்பு இல்லைங்க, பூ எல்லாம் கொட்டிப்போச்சு" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "நீங்க கார்கில்ல இருந்தீங்களாமே? எத்தினி பேர சுட்டுகீறீங்க?" என்றார். வருஷத்துக்குப் பத்துப் பேர் இதைக் கேட்கிறார்கள், ஏதோ எத்தனை இட்லி தின்றாய் என்கிற மாதிரி. "எண்ணல" என்றார் எத்திராஜ். கோதண்டத்துக்கு அது பிடித்துப் போயிற்று, தொடையில் தட்டிச் சிரித்தார், "எண்ண முடியாத அளவுக்கா!" என்று எதிர் பெஞ்சில் மனுவோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துப் பெருமையடித்தார், தானே சுட்டுவிட்டு வந்த மாதிரி. எண்ணியிருக்கிறார் எத்திராஜ். ஒன்று. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒன்று. அதுவும் எதிரி இல்லை. விசையை அழுத்தியதும் அவர் இல்லை. அப்பலநாயுடு.

வேண்டாம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மே மாத வெயில் வராந்தாவின் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, இந்தப் புழுக்கத்தில்கூட அந்தக் குளிர் எங்கிருந்தோ கால் விரலில் ஏறுகிறது. பன்னிரண்டாயிரம் அடி. காலை ஆறு மணிக்குக் காவல் மாற்றம். இரவெல்லாம் காவல் நின்றவன் கீழே இறங்கி வருவான், மணல் மூட்டைக்கு முன்னால் நிற்பான், துப்பாக்கியைக் காலி செய்வான். அதற்கு ஒரு முறை இருக்கிறது, தூங்கிக்கொண்டே செய்கிற அளவுக்குப் பழக்கித் தருவார்கள். முதலில் தோட்டாக்கள் அடுக்கின மேகஸினைக் கழற்ற வேண்டும். பிறகு போல்ட்டை இழுக்க வேண்டும், உள்ளே ஒரு தோட்டா இருந்தால் வெளியே துள்ளி விழும். பிறகு காவல் தலைவன் வந்து உள்ளே பார்க்க வேண்டும், பார்த்தால் மட்டும் போதாது, கண் ஏமாற்றும், விரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டும், தடவிவிட்டுக் காலி என்று சொல்ல வேண்டும். கடைசியில் மூட்டையைப் பார்த்து விசையை ஒரு தரம் அழுத்த வேண்டும். அந்தக் காலை அப்பலநாயுடு முன்னதைப் பின்னால் செய்தான். மரத்துப்போன விரல், போல்ட்டை முதலில் இழுத்தான், உள்ளே இருந்தது துள்ளி விழுந்தது, மேகஸினிலிருந்து இன்னொன்று போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது, அதற்கப்புறம் மேகஸினைக் கழற்றி நல்ல பிள்ளையாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காவல் தலைவன் ஹவில்தார் எத்திராஜ். இடது கையில் டீ மக்கு. வலது கையில் கம்பளிக் கையுறை. அந்தக் குளிரில் வெறும் விரலை இரும்பில் வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும், உறையைக் கழற்ற வேண்டுமென்றால் டீயைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். மேகஸின் அவன் கையில் இருக்கிறதைப் பார்த்தார். "காலி" என்றார். "போ, டீ குடி." மூட்டையைப் பார்த்து விசையை அழுத்துகிற அந்தக் கடைசி வேலையைக்கூடச் செய்யச் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஒரு மக்கு டீ. அரை மணி கழித்து பங்கருக்குள் துப்பாக்கியை முழங்காலில் சாய்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான், தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை எல்லாம் சேர்த்து அழுத்தி ஒரே சோப்பாக்குகிற பைத்தியம் அவனுக்கு, அதைப் பற்றித்தான் அவனுடைய உடைந்த தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், "அண்ணா, இது ஆறு மாசம் வரும், சூடு" என்றான், சத்தம் கேட்டது.

"சூடு" என்றால் தெலுங்கில் பார் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எத்திராஜ் அதற்கப்புறம் யார் வாயிலும் கேட்கப் பொறுத்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் சித்தூர்க்காரன் யாராவது சொன்னால் நகர்ந்து போய்விடுவார். அந்தச் சோப்பு செத்தவன் கையிலேயே இருந்தது. விசாரணையில் மூன்று அதிகாரிகள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, விரல் விட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் சாப். நிச்சயமாக? நிச்சயமாக, சாப், இந்த விரல் சாப். விரலைத் தூக்கிக் காட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை, தானாக வந்தது. அப்பலநாயுடு மறுபடி தோட்டா போட்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள், அவனுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள், பேச வேண்டியவன் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டான், எழுதுகிறவர்களுக்கு என்ன சிரமம். மூன்று மாதம் கழித்து அவன் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது, தெலுங்குக்கார நாயக் ஒருவன் படித்துச் சொன்னான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கல்லில் பட்டாளத்தில் இறந்தவர்கள் பெயரைப் பொறிக்கிறார்கள், என் வீட்டுக்காரர் பெயரைப் போட மாட்டேன் என்கிறார்கள், தானே சுட்டுக்கொண்டவன் பெயரை எப்படிப் போடுவது என்கிறார்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தவராமே, நடந்ததை ஒரு வரி எழுதிக் கொடுங்கள் அண்ணா. ஒரு வரி. அவர் அந்தக் கடிதத்தை மடித்து மடித்து, தீப்பெட்டி அளவுக்கு மடித்து, டிரங்குப் பெட்டி மூலையில் போட்டார். போன் மறுபடி துடித்தது. கஸ்தூரி. கட். இவளுக்கு வேறு வேலை இல்லை.

உள்ளேயிருந்து மேஜையைத் தூக்கி வந்து வராந்தாவில் போட்டார்கள். ரைட்டர் ஜெயபால், ஸ்டேஷன் எழுத்து வேலையெல்லாம் அவர்தான், ஒரு நோட்டும் சாவிக் கொத்துமாக வந்து உட்கார்ந்தார். குணசீலன் என்கிற கான்ஸ்டபிள் துப்பாக்கிகளை அணைத்துத் தூக்கி வந்து விறகு போடுகிற மாதிரி மேஜையில் போட்டான்.  பச்சை உறை எத்திராஜுடையது, ஐந்தாவதாகக் கிடந்தது, வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? மனுக்காரப் பெண் பக்கம். அவள் காகிதத்தில் பேனாவால் எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். காலியாகத்தான் இருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறாதவன் அன்றைக்கா தவறுவான். அன்றைக்குத்தான் தவறுவான், அவசரமும் ஆத்திரமும் சேர்ந்த அன்றைக்குத்தான். இல்லை, உறையில் போடும்போது எடை. எடை தெரிந்திருக்கும். இரண்டு தோட்டா எடை எவனுக்குத் தெரியும்? உறையிலிருந்து எடுக்காமல் கொடுத்துவிட்டால் சரி. கடவுளே, உறையோடு கொடுத்துவிடு. "நம்பர சரி பாத்து, ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் படி" என்றார் ரைட்டர், வாயில் வெற்றிலையோடு. கோதண்டத்தின் ஒற்றைக்குழல் முதலில் போயிற்று. அவர் அதை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், வேடிக்கை பார்க்க மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டாவது. மூன்றாவதுக்கு ஆள் வரவில்லை. இப்போது சொல்லலாம். இப்போது எழுந்து, மெல்லமாக, ரைட்டர் காதோடு. சொன்னால் அந்த ஆள் ஒரு நொடி பார்ப்பான், பிறகு உரக்கச் சிரிப்பான், இன்னா மிலிட்டரி, லோடு பண்ணியே குட்த்துட்டியா என்பான், தெருவுக்கே கேட்கும். பென்ஷன்காரர்கள், மேனேஜர், தினகரன். நாலாவது. உட்கார்ந்தே இருந்தார். காலில் யாரோ மணல் மூட்டையைக் கட்டினது போலிருந்தது.

குணசீலன் பச்சை உறையின் ஜிப்பை இழுத்தான். அன்றைக்குச் சிக்கின அதே இடத்தில் சிக்கியது, "இன்னா எழவுடா" என்று பல்லைக் கடித்து இழுத்தான், துப்பாக்கி வெளியே வந்தது. இரண்டு குழல், அடிக்கட்டையில் பதினோரு வருஷத்து வியர்வைக் கறை. "சோக்கா கீது சார் இது" என்றான். எண்ணைப் படிக்கவில்லை. தோளில் வைத்துப் பார்த்தான். முன்னால் தள்ளிப் போட்ட தொந்திக்கு மேலே துப்பாக்கியை அணைத்துக்கொண்டு, பாராவில் நின்ற இன்னொரு கான்ஸ்டபிளிடம் போனை நீட்டி, "மாமா, ஒரு போட்டோ எடு" என்றான். சுற்றித் திரும்பினான். குழல் ரைட்டரைக் கடந்தது, கோதண்டத்தைக் கடந்தது, மனுக்காரப் பெண்ணிடம் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து வெட்கத்தோடு புடவையைச் சரிசெய்தாள், தன்னையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். குணசீலனின் விரல் உள்ளே போய் விசையில் உட்கார்ந்தது. தடித்த, மோதிரம் போட்ட விரல். எத்திராஜின் வாயிலிருந்து வந்தது அவர் குரலாகவே இல்லை, பரேடு மைதானத்தில் 'தம்' என்று அணியை நிறுத்துகிற குரல், பட்டாளத்தை விட்டதிலிருந்து எங்கேயோ உள்ளே கிடந்தது. "தம்! விரல எட்றா! குழல தரைக்குக் காட்டு, தரைக்கு!"  குணசீலன் பயத்தில் குழலைத் தரைக்குத் தாழ்த்தினான், விரலும் வெளியே வந்தது. "உள்ள தோட்டா இருக்கலாம்" என்றார் எத்திராஜ். "நான் எடுத்தனா இல்லியான்னு எனுக்குத் தெரியல."

சொல்லி முடித்தபோதுதான் தான் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையருகே வந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து எஸ்.ஐ. பரிமளா வந்தாள், தினகரன் வயசுதான் இருக்கும், தொப்பி இல்லாமல், தலையை இறுக்கி முடிந்துகொண்டு. "யாரு கத்தனது?" ரைட்டர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார், சொல்லும்போதே பாதி சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "தொறந்து பாருங்க" என்றாள். குணசீலன் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி, நெம்புகோலைத் தள்ளி, துப்பாக்கியை மடித்தான். ஒரு நொடி குனிந்தான். "காலி மேடம்" என்றான், வந்ததே ஒரு சிரிப்பு, ரைட்டர், பாராக்காரன், கோதண்டம் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, மனுக்காரப் பெண்கூடச் சிரித்தாள். எத்திராஜுக்கு அந்தச் சொல் கன்னத்தில் விழுந்தது. காலி. அதே தோரணை. ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் போன். "விரல் விட்டுப் பாரு" என்றார். "அதான் தெரியுதே ஐயா, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது." "போன கீழ வெச்சுட்டு விரல் விட்டுப் பாரு." குணசீலன் எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவள், இந்த ஆள் லேசில் விடமாட்டார் என்று கண்டுகொண்டவளாக, தலையை ஆட்டினாள். அவன் போனை மேஜையில் வைத்தான். மோதிரம் போட்ட அதே விரலை வலது குழலில் விட்டான், எடுத்தான், இடது குழலில் விட்டான். எண்ணெய்க் கறுப்பு ஒட்டின விரலை எத்திராஜ் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். "ரெண்டும் காலி. போதுமா?" அந்த விரலை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவுதான் வேலை. மூச்சு விடுகிற நேரம். டீ ஆறியிருக்காது.

எஸ்.ஐ. லைசென்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "தோட்டா எடுத்தமா இல்லியான்னே தெரியாம ஒருத்தர் துப்பாக்கி வெச்சிருந்தா நாளைக்கு நான் பதில் சொல்லணும். உங்க மேனேஜர் லெட்டரும் என்கிட்ட இருக்கு. புதுப்பிக்க நான் எழுத முடியாதுங்க. துப்பாக்கி இங்கியே இருக்கட்டும். நடந்தத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. உள்ளே போய்விட்டாள். போன் மூன்றாம் தடவை துடித்தது. இந்த முறை எடுத்தார், யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. "காலைலருந்து எத்தினி வாட்டிங்க போன் பண்றது?" என்றாள் கஸ்தூரி, மூச்சிரைக்க. "உங்க பழைய டிபன் பை, ஜிப்பு அறுந்துபோச்சுன்னு பரண்ல போட்டனே, அதுல சைடுல கீதுங்க ரெண்டும். பரண் மேல ஏறி எட்த்தேன். தினகரன் ஏணி புட்சினு நின்னான். கேக்குதா? ரெண்டும் கீது." கேட்டது. ரைட்டருக்கும் கேட்டது, அவ்வளவு உரக்கப் பேசுகிறவள். எத்திராஜ் போனை வைத்தார். முதல் தடவையே எடுத்திருந்தால் இந்நேரம் துப்பாக்கி தோளில் இருக்கும். ஒரு பொம்பளை பரணில் ஏறித் தேடிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் இவர் இங்கே உட்கார்ந்து அவளைக் கத்தரிக்காய் அள்ளுகிறவள் என்று வைதுகொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, உள்ளங்கை வரைக்கும் வெட்கம். தினகரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

ரைட்டர் ஜெயபால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். குரல் மாறியிருந்தது, பரவாயில்லாத மனுஷன்தான். "ஐயா, இப்போ ஒண்ணும் கெட்டுப்போகல. தோட்டாவ அன்னிக்கே எட்த்துட்டேன், பைல வெச்சத மறந்துட்டேன், இன்னிக்கு வூட்ல கெடச்சுட்ச்சு, அவ்ளோதான் எழுதுங்க. சந்தேகமே வரல, எதுக்கும் பாத்துடலாம்னு நானேதான் சொன்னேன்னு எழுதுங்க. மேடம் நல்லவங்க, நான் பேசறேன். திங்கக்கெழம வந்து துப்பாக்கிய எட்த்தும் போங்க." சின்ன விஷயம். பொய்கூட இல்லை, ஒரு ஓரத்தை மடக்குவது, அவ்வளவுதான். எழுதினால் திங்கட்கிழமை முக்காலி. திங்கட்கிழமை மடியில் துப்பாக்கி. அவர் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினார், கை தானாகவே அதற்கு முன்னால் பழைய பட்டாள எண்ணையும் ஹவில்தார் என்பதையும் போட்டுவிட்டது. அதற்குக் கீழே கொஞ்ச நேரம் பேனா நின்றது. கோதண்டம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், நகருங்க என்று முழங்கையால் தள்ளினார் எத்திராஜ். பிறகு எழுத ஆரம்பித்தார். வேகமாக எழுதினார், வரி கோணிக்கொண்டு போயிற்று, இடையில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. தாளின் அடிக்கு வந்ததும் ரைட்டர் அதைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். முகம் சுருங்கியது.

"இன்னாங்க இது? 'சிப்பாய் அப்பலநாயுடு மேல் தப்பு இல்லை, நான் விரல் விட்டுப் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னது பொய்'. யாருங்க இந்த ஆளு? நான் துப்பாக்கியப் பத்தில்ல எழுதச் சொன்னேன்."

"துப்பாக்கியப் பத்திதான் எழுதறேன்" என்றார் எத்திராஜ். "இன்னொரு பேப்பர் குடு. அவன் வூட்டுக்கு ஒண்ணு எழுதணும்."